கயிறும் அரவும்: புதுமைப்பித்தன் கதைகளில் மரணமும் மறுமையும்

புணே நகரத்தின் பெரிய சுடுகாட்டிற்கு ‘வைகுண்டம்’ என்று பெயர். நவி பேட்டைப் பகுதியில், முட்டா ஆற்றுக்கு அணித்தாக இருக்கிறது. இந்த ஊருக்கு யான் புதிதாக வந்திருந்த காலத்தில் மராத்தி நண்பர் ஒருவர், “நேற்று மாலை வைகுண்டத்திற்குப் போயிருந்தேன்” என்றார். பெருமாள் கோயில் போலும் என்று எண்ணிக்கொண்டு, “தரிசனம் நன்றாகக் கிடைத்ததா?” என்று கேட்டுவிட்டேன். அவர் என்னை ஒரு கணம் உற்று நோக்கிவிட்டு, இறந்தவர் தம் பெரியப்பா என்று மெல்லச் சொன்னார். அன்று அடைந்த வெட்கம் இன்னும் நினைவில் இருக்கிறது.

ஆயினும் அந்தப் பெயரைப் பற்றிய வியப்பு மட்டும் நீங்கவில்லை. மராத்தியர் இறந்தவர் பெயருக்கு முன்னால் ‘கை.’ என்று சுருக்கமாக எழுதுவர். கைலாசவாசி என்பது அதன் விரிவு. பண்டரிபுரத்து விட்டலனைத் தொழும் வார்க்கரி மரபினராயின் ‘வை.’ என்று எழுதுவர். வைகுண்டவாசி என்பது பொருள். நம் தமிழிலும் சிவபதவி அடைந்தார், வைகுண்டப் பதவி எய்தினார், இறைவன் திருவடி சேர்ந்தார், இயற்கை எய்தினார் என்று பலவாறு எழுதுகிறோம். இறந்தவர் எங்கே போனார் என்பதில் எழுதுகிறவர் கொண்ட நம்பிக்கை, அந்த ஒரு சொல்லிலேயே வெளிப்பட்டு விடுகிறது.

இவற்றுள் ‘காலமானார்’ என்ற தொடர் தனித்து நிற்பது. தொழிலால் மொழிபெயர்ப்பாளனாகிய யான் அரசாங்கக் குறிப்புகளில் இத்தொடரோடு பலமுறை மல்லாடியிருக்கிறேன். மராத்தியில் ‘காலவசமானார்’ என்பர். காலத்தின் பிடிக்குள் அகப்பட்டார் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். தமிழிலோ மனிதன் காலத்தின் கையில் அகப்படுவதில்லை; அவனே காலமாகி விடுகிறான். வேற்றுமொழியில் பெயர்க்கும்பொழுது இந்த நுட்பம் கையிலிருந்து நழுவிப் போகிறது. ‘இறந்துவிட்டார்’ என்பதற்கு மேல் எதுவும் எஞ்சுவதில்லை.

காலமாதல் என்பதன் பொருள் என்ன என்று ஒரு சிறுகதை முழுவதும் கேட்டுக்கொண்டே போன தமிழ் எழுத்தாளர் ஒருவர் உண்டு. அவருடைய வாழ்வின் கடைசி மாதங்கள் இந்தப் புணே நகரத்தோடு பிணைந்தவை. புதுமைப்பித்தன் என்ற சொ. விருத்தாசலத்தையே குறிப்பிடுகிறேன்.

அவர் 1906-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் நாள் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். திருநெல்வேலியில் கல்வி பயின்று பட்டம் பெற்றார். ‘மணிக்கொடி’ இதழில் எழுதத் தொடங்கி, ‘தினமணி’யிலும் பின்னர் ‘தினசரி’யிலும் பத்திரிகைப் பணி புரிந்தார். நாற்பதுகளின் நடுவில் திரைப்படத் துறைக்குச் சென்றார். தாமே படம் எடுக்க முயன்று கைப்பொருளை இழந்தார். அந்நிலையில்தான் எம்.கே. தியாகராஜ பாகவதரின் ‘ராஜமுக்தி’ என்ற படத்திற்கு வசனம் எழுதும் வேலை வாய்த்தது. பாகவதர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறை சென்று, 1947-இல் விடுதலை பெற்று வந்திருந்தார். அவர் தம் படத்தைப் பூனாவிலிருந்த பிரபாத் ஸ்டூடியோவில் எடுக்க ஏற்பாடு செய்தார். அதற்காக வந்த இடத்தில்தான் புதுமைப்பித்தனின் காச நோய் முற்றியது. 1948-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் திருவனந்தபுரத்தில் அவர் மறைந்தார். வயது 42.

இந்த வரலாற்றுக் குறிப்பினால் அவருடைய கதைகளுக்கு ஒரு தீங்கு நேர்ந்திருக்கிறது என்று கருதுகிறேன். அவர் எழுதிய சாவுக் கதைகளைப் படிப்போர் பலர், ‘பாவம், நோயாளி, சாவைக் கண்முன் கண்டு எழுதினார்’ என்று இரங்கிவிட்டு நூலை மூடி விடுகின்றனர். அவருடைய கதைகளில் ‘நம்பிக்கை வறட்சி’ மிகுதி என்ற குற்றச்சாட்டு அவர் காலத்திலேயே எழுந்தது. அவரும் அதை மறுத்தாரில்லை. ஆண்டுக் கணக்கைப் பார்த்தால் உண்மை வேறாக இருக்கிறது. ‘சிற்பியின் நரகம்’ 1935-இல் வந்தது. ‘மகாமசானம்’ 1941-இல் வந்தது. ‘செல்லம்மாள்’ 1943-இல் வந்தது. பூனாவுக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, திடமான உடம்போடு தலையங்க மேசைக்கு முன் அமர்ந்திருந்தவர் எழுதியவை இவை. சாவைப் பற்றிய சிந்தனை அவருக்கு நோயினால் வந்ததன்று.

அவருக்கு முன்பும் தமிழ்ச் சிறுகதையில் சாவு இருந்தது. வ.வே.சு. ஐயரின் ‘குளத்தங்கரை அரசமரம்’ 1915-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதில் ருக்மிணி என்ற பெண் குளத்தில் மூழ்கி இறக்கிறாள். அவளை மணந்த நாகராஜன் துறவியாகிறான். அந்தச் சாவு நம்மை அழவைக்கிறது; பெண்களுக்கு இழைக்கப்படும் கொடுமையை எண்ணி நாணவும் வைக்கிறது. அதாவது, சாவு ஒரு நீதிக்குச் சாட்சியாக வந்து நிற்கிறது. இறந்தபின் என்ன என்ற கேள்வி அக்கதைக்குத் தேவைப்படவில்லை. 1933-இல் தோன்றிய மணிக்கொடியைச் சூழ்ந்து எழுதியவர்களிடம்தான், சாவைப் பாடமாகக் கொள்ளாமல் புதிராகக் கொள்ளும் போக்கு வருகிறது. மௌனியும் அந்தக் குழுவினரே. அவரிடம் சாவு கனவோடும் இசையோடும் கலந்து மங்கலாகத் தோன்றும். புதுமைப்பித்தனிடம் அந்த மங்கல் கிடையாது. நடுத்தெருவில், வெயிலில் கொண்டுவந்து போடுகிறார்.

‘சிற்பியின் நரகம்’ பூம்புகாரில் நிகழும் கதை. சாத்தன் என்னும் சிற்பி வாழ்நாளெல்லாம் பாடுபட்டு நடராசர் சிலை ஒன்றை வடிக்கிறான். அது கோயிலில் வைக்கப்படுகிறது. இரவில் அவனுக்கு ஒரு கனவு. இருளில் மக்கள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். ஒவ்வொருவரும் தமக்கு மோட்சம் வேண்டும் என்று கேட்கிறார்கள். ஒருவரேனும் சிலையை நிமிர்ந்து பார்க்கவில்லை. அதுவே சிற்பியின் நரகம். நரகம் என்றால் எண்ணெய்க் கொப்பரையும் இருப்பு முள்ளும் என்றுதான் நம் புராணங்கள் காட்டின. இவரோ மறுமையை வேண்டிக் கூக்குரலிடும் பக்தர் கூட்டத்தையே நரகமாகக் காட்டிவிட்டார். வீடுபேற்றின் மேல் வைத்த ஆசை, கண்ணெதிரே உள்ள அழகைக் காண விடாமல் குருடாக்குகிறது. எழுதும்பொழுது அவருக்கு வயது முப்பதுகூட நிரம்பவில்லை.

‘காலனும் கிழவியும்’ என்ற கதையை நேயர்கள் சிரித்துக்கொண்டே படித்திருக்கலாம். மருதாயி என்னும் கிழவியின் உயிரைக் கவர யமன் எருமையேறி நேரில் வருகிறான். கிழவி அஞ்சவில்லை, வீட்டுக்கு வந்த வேற்றாளிடம் பேசுவதுபோல வாயாடுகிறாள். உயிரை உன்னால் எடுத்துப் போக முடியும், ஆனால் அழிக்க முடியுமா என்பது அவள் கேள்வியின் சாரம். யமன் விடை தெரியாமல் வந்த வழியே திரும்புகிறான்.

இக்கதையைப் பழைய மரபோடு பொருத்திப் பார்ப்பது நல்லது. திருக்கடவூர்த் தலபுராணத்தில் மார்க்கண்டனுக்காகச் சிவபெருமான் காலனைக் காலால் உதைக்கிறார். அங்கே காலனை வெல்லக் கடவுளின் திருவடி தேவைப்படுகிறது. மணிமேகலைக் காப்பியத்தின் சக்கரவாளக் கோட்டக் காதையில் மற்றொரு நிகழ்ச்சி. புகார் நகரத்துச் சுடுகாட்டில் நள்ளிரவில் அஞ்சி உயிர்விட்ட சார்ங்கலன் என்ற சிறுவனைத் தூக்கிக்கொண்டு, கண்ணிழந்த கணவனை வீட்டில் விட்டுவிட்டு வந்த அவன் தாய் கோதமை, காவல் தெய்வமாகிய சம்பாபதியிடம் முறையிடுகிறாள். தன் உயிரைக் கொண்டு மகன் உயிரைத் தருமாறு இரக்கிறாள். உயிருக்கு உயிர் ஈடாகாது, வினையின் வழி அது வேறு பிறப்பை அடைந்துவிட்டது என்று தெய்வம் சொல்கிறது. தேவர்களையெல்லாம் வருவித்துக் கேட்டாலும் அதே விடைதான். சைவ மரபில் கடவுள் காலனை உதைக்கிறார். பௌத்த மரபில் கடவுளரும் கையை விரிக்கின்றனர். புதுமைப்பித்தனிடமோ கடவுளுக்கு இடமேயில்லை. ஒரு ஏழைக் கிழவியின் வாய்ச்சொல்லே காலனுக்குப் போதுமானதாக இருக்கிறது. நம்பிக்கை வறண்டவர் எழுதக்கூடிய கதையா இது? எனக்கு அவ்வாறு தோன்றவில்லை.

சக்கரவாளக் கோட்டத்தைச் சொன்னேன். அக்காப்பியம் அந்தச் சுடுகாட்டை மிக விரிவாகவே வருணிக்கிறது. சுடுகிறவர்கள், வெறுமனே இட்டுவிட்டுப் போகிறவர்கள், குழி தோண்டிப் புதைக்கிறவர்கள், தாழ்ந்த இடத்தில் வைத்து அடைக்கிறவர்கள், தாழியில் கவிக்கிறவர்கள் என்று ஐவகை வழக்கங்களை அங்கே காண்கிறோம். ஆனால் அந்தக் கோட்டம் நகர மதிலுக்கு வெளியே இருந்தது. ஊர் வேறு, காடு வேறு. காரைக்கால் அம்மையார் இறைவன் ஆடுவதைக் கண்ட திருவாலங்காடும் அப்படிப்பட்ட புறங்காடே. ‘மகாமசானம்’ என்ற கதையில் அந்த மதில் இடிந்து போயிற்று. சென்னை மவுண்ட் ரோட்டின் நடைபாதையில், மாலை நேரத்து நெரிசலுக்கு நடுவே, ஒரு முகம்மதியப் பிச்சைக்காரர் செத்துக்கொண்டிருக்கிறார். மற்றொரு பிச்சைக்காரர் அருகில் இருக்கிறார். டிராமும் காரும் ஓடுகின்றன. சிறு பெண்ணோடு வந்த ஒருவர் குழந்தையைச் சற்று நிறுத்திவிட்டு மாம்பழம் வாங்கப் போகிறார். பெரியவர்கள் யாரும் பார்க்காத சாவைக் குழந்தை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

இக்கதையின் தலைப்பில்தான் கூர்மை இருக்கிறது. மகாமசானம் என்பது காசிக்கு உரிய பெயர். காசியில் இறப்பவர் செவியில் விசுவநாதரே தாரக மந்திரத்தை ஓதி வீடு தருகிறார் என்பது நெடுங்கால நம்பிக்கை. அந்தத் தலைப்பை எடுத்து ஆசிரியர் மவுண்ட் ரோட்டுக்குச் சூட்டுகிறார். இங்கே செவியில் ஓத ஒருவரும் இல்லை. இறப்பவர் முகம்மதியராதலால் காசியின் வாக்குறுதி அவருக்கு உரியதுமன்று; அவர் சமயம் கூறும் மறுமையைப் பற்றியும் கதை ஒன்றும் சொல்வதில்லை. மறுமையைப் பற்றி வாய்திறக்காமலே, அதைப் பற்றிய நம் எண்ணங்களை அசைத்துவிடுகிறார். கதை முழுவதும் மரணத்தைப் பற்றிய சொற்பொழிவு ஒன்றுகூட இல்லை. மாம்பழத்தின் விலையும் வாசனையும் இருக்கின்றன.

இனி ‘செல்லம்மாள்’. வெளிமாநிலத்தில் குடியிருக்கும் நமக்கு இக்கதை மற்றவர்களுக்குப் படுவதைவிட ஆழமாகப் படும். பிரமநாயகம் பிள்ளை சொந்த ஊரை விட்டுச் சென்னைக்குப் பிழைக்க வந்து, ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவர். மனைவி செல்லம்மாள் தீராத நோயாளி. கதை தொடங்கும்பொழுதே அவள் உயிர் பிரிந்துவிட்டது. பிறகு கதை பின்னோக்கிச் செல்கிறது. இறந்த முடிவை முதலிலேயே சொல்லிவிட்டதனால், இனி என்ன ஆகுமோ என்ற பரபரப்புக்கு இடமில்லாமற் போகிறது. அவர் அடுப்பு மூட்டுவதும், கஞ்சி காய்ச்சுவதும், வைத்தியரை அழைப்பதும், முதலாளியிடம் முன்பணம் கேட்பதும் ஆகிய சின்னஞ்சிறு காரியங்களே கண்ணில் நிற்கின்றன.

அயலூரில் சாவு நேர்ந்த வீட்டில் யார் இருப்பார்கள்? இக்கேள்வியை எத்தனையோ முறை நேரில் கண்டிருக்கிறேன். யான் வசிக்கும் வாகட் பகுதி ஒரு தலைமுறைக்கு முன்வரை கரும்பும் சோளமும் விளைந்த கிராமம். பக்கத்து ஹிஞ்சவடியில் கணினி நிறுவனங்கள் வந்தபின் அடுக்கு மாளிகைகள் முளைத்தன. நம்மவர் பலர் அங்கே குடியேறினர். ஊரிலிருந்து வயது முதிர்ந்த பெற்றோரையும் அழைத்து வந்தனர். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் ஒரு தஞ்சாவூர்ப் பெரியவர் விடியற்காலையில் காலமானார். மகன் அமெரிக்கப் பயணத்தில் இருந்தார். மருமகள், சின்னஞ்சிறு குழந்தை, பிறகு அக்கம் பக்கத்தார் நாங்கள். வாய்க்கரிசி இடுவதற்குரிய முறை எங்களில் ஒருவருக்கும் முழுமையாகத் தெரியவில்லை. மின்தூக்கியில் பாடையைக் கிடத்த இடம் போதவில்லை. எப்படி இறக்குவது என்று காவற்காரரான மராத்தி இளைஞரே வழி சொன்னார். படிக்கட்டு வழியாகத் தாமும் ஒரு தோள் கொடுத்தார். அன்றிரவு வீட்டுக்குத் திரும்பியபின் ‘செல்லம்மாள்’ கதையை மறுபடியும் எடுத்து வாசித்தேன். சடங்கு என்பது போகிற உயிருக்கு வழி காட்டுவதற்காக ஏற்பட்டது என்று சாத்திரம் சொல்லும். அக்கதையில், இறந்த உடம்புக்குச் செய்ய வேண்டியதைத் தம் கையாலேயே செய்கிற பிரமநாயகம் பிள்ளைக்குச் சாத்திரம் ஏதும் துணையில்லை. ஆயினும் அவர் செய்வதில் குறை ஒன்றும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. வாழ்நாளெல்லாம் அவளுக்குச் செய்துவந்த பணிவிடையின் தொடர்ச்சியாகவே அது இருக்கிறது.

இவ்வளவையும் கூறியபின் ‘கயிற்றரவு’ என்ற கதைக்கு வருகிறேன். இது 1948-இல் வெளிவந்தது. அவருடைய கடைசிக் கதைகளுள் ஒன்று. பலர் இதைக் கதையென்றே ஒப்புவதில்லை. தத்துவக் குறிப்பு என்று ஒதுக்குவர். கிராமத்தில் நிலபுலத்தோடு இருக்கும் பரமசிவம் பிள்ளை, காலைக்கடன் கழிக்கப் பனை மரத்தடியில் குந்தியிருக்கிறார். அப்பொழுது அவர் மனத்தில் காலத்தைப் பற்றிய எண்ணங்கள் ஓடுகின்றன. ஞாயிறு, திங்கள் என்று நாம் கூறுவதெல்லாம் தயிர்க்காரி சுவரில் வைக்கும் புள்ளிகளைப் போன்றவை. கணக்குக்காக நாமாக இட்டுக்கொண்டவை. அடியில் ஓடுவது பிளவற்ற ஒன்றே என்று அவர் நினைவு பின்னிக்கொண்டே போகிறது. பிறப்பும் வளர்ப்பும் நினைவில் வந்து போகின்றன. பிறகு பாம்பு தீண்டுகிறது. பரமசிவம் பிள்ளையின் வாழ்வு முடிகிறது. காலத்தைப் பற்றிய கேள்வி முடியவில்லை.

கயிற்றரவு என்றால் கயிற்றில் தோன்றும் பாம்பு. இருட்டில் கிடக்கும் கயிற்றைப் பாம்பென்று எண்ணி நடுங்குகிறோம். விளக்கைக் கொண்டுவந்தால் பாம்பு மறைந்து கயிறு மிஞ்சுகிறது. கௌடபாதரின் மாண்டூக்கிய காரிகையிலும் சங்கரர் உரையிலும் வரும் புகழ்பெற்ற உவமை இது. உலகம் அவ்வாறு தோன்றும் பொய்த்தோற்றம், ஞானம் என்னும் விளக்கு வந்தால் பிரம்மமே மிஞ்சும் என்பது அத்வைதத்தின் முடிவு. சைவ சித்தாந்தம் இதனை ஒப்புவதில்லை. அதன்படி உலகம் உள்பொருள், மாயையும் உள்பொருள். சைவ வேளாளர் குடும்பத்தில் பிறந்த புதுமைப்பித்தன், தம் குடும்பச் சமயம் மறுக்கும் உவமையை எடுத்துத் தலைப்பாக வைத்தார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அத்தோடு நின்றால் அவர் அத்வைதத்தைக் கதையாக எழுதினார் என்று முடித்துவிடலாம். சிலர் அவ்வாறே எழுதியும் இருக்கின்றனர். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உவமையில் வரும் பாம்பு கடிப்பதில்லை; அது பொய்ப் பாம்பு. கதையில் வரும் பாம்போ கடிக்கிறது, ஆள் சாகிறார். உவமையில் விளக்கு வருகிறது. கதையில் விளக்கு வருவதில்லை. ஆகவே எது கயிறு, எது அரவு என்ற ஐயம் நம்மிடமே விடப்படுகிறது. சாவு பொய்த்தோற்றமா? அல்லது ‘நான்’ என்று ஒருவர் வாழ்நாள் முழுவதும் பற்றிக்கொண்டிருந்ததே பொய்த்தோற்றமா? அந்த ‘நான்’ அற்றால் காலமும் அற்றுப்போகும் என்ற எண்ணத்தைக் கதை இறுதியில் நம்முன் வைக்கிறது. அப்படியானால் இறந்தபின் எங்கே என்ற கேள்விக்கே பொருள் இல்லாமற் போகிறது. ‘பின்’ என்பது காலச்சொல் அன்றோ? காலமே இல்லாத இடத்தில் பின் ஏது, முன் ஏது? ‘மறுமை’ என்ற சொல்லில் உள்ள ‘மறு’ என்பதைப் பரமசிவம் பிள்ளை அசைத்துப் பார்க்கிறார். கைலாசமும் வைகுண்டமும் இருக்கின்றனவா, இல்லையா என்ற வாதத்தில் அவர் இறங்கவில்லை. அந்த வாதத்திற்கு அடித்தளமான முன்பின் என்னும் பலகையையே உருவிவிட்டார். அதுவும் கோயிலில் அமர்ந்தோ ஆற்றங்கரையில் தவம் செய்தோ அன்று, பனையடியில் குந்தியபடி. உயர்ந்த எண்ணத்துக்கு இழிந்த இடத்தைக் கொடுத்தது வெறும் குறும்புக்காக என்று யான் கருதவில்லை. சாவு அப்படித்தான் வருகிறது; தக்க இடம், தக்க நேரம் பார்ப்பதில்லை.

வாகட்டிலிருந்து வடக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டரில் இந்திராயணி ஆற்றங்கரையில் தேஹு என்னும் ஊர் இருக்கிறது. துக்காராம் சுவாமி வாழ்ந்த ஊர். 1650-ஆம் ஆண்டை ஒட்டி அவர் உடலோடு வைகுண்டம் சென்றார் என்பது வார்க்கரி அடியாரின் உறுதியான நம்பிக்கை. அதே ஆற்றங்கரையில் ஆளந்தி என்னும் ஊரில் 1296-இல், 21 வயதில், ஞானேசுவரர் உயிரோடு சமாதியில் அமர்ந்தார் என்பர். நம் சித்தர்களின் சீவசமாதியை அறிந்த தமிழருக்கு இது புதுமையாக இராது. ஆனி, ஆடி மாதங்களில் இவ்விரண்டு ஊர்களிலிருந்தும் பாதுகைகளைப் பல்லக்கில் ஏந்திப் பண்டரிபுரம் செல்லும் பெருங்கூட்டத்தைக் கண்டவர்களுக்கு, இந்த மண்ணில் இறந்தவர்கள் இறந்தவர்களாக நடத்தப்படுவதில்லை என்பது விளங்கும்.

பிரபாத் கம்பெனியார் 1936-இல் ‘சந்த் துக்காராம்’ என்ற படத்தை எடுத்தனர். விஷ்ணுபந்த் பாக்னிஸ் துக்காராமாக நடித்தார். வெனிஸ் திரைப்பட விழாவில் அப்படம் பாராட்டுப் பெற்றது. அடியார் வானூர்தியில் ஏறி வைகுண்டம் செல்லும் காட்சியோடு முடிகிறது. திரையரங்கில் மக்கள் கைகூப்பி நின்றனராம். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, வைகுண்டப் பயணத்தைப் படம்பிடித்த அதே நிறுவனத்தின் கூடத்தில் ‘ராஜமுக்தி’க்கு வசனம் எழுத வந்த மனிதர், மோட்சத்தை நரகமாகவும் மவுண்ட் ரோட்டைக் காசியாகவும் எழுதிக் காட்டியவர். முக்தி என்ற சொல் படத்தின் பெயரிலேயே இருந்தது. அதைக் கண்டு அவர் உதட்டோரம் நகைத்திருப்பார் என்று எண்ணுவது என் கற்பனை. அவரைப் படித்தவர்கள் இந்தக் கற்பனையை மன்னிப்பர்.

அக்காலத்தில் காசநோய் என்பது ஏறத்தாழத் தீர்ப்புச் சொன்னது போல. ஸ்டிரெப்டோமைசின் என்ற மருந்து 1943-இல் அமெரிக்காவில் கண்டறியப்பட்டிருந்தது. 1948-இல் நம் நாட்டில் அது கிடைத்தற்கரிய இறக்குமதிச் சரக்கு. எழுத்தாளன் கைக்கு எட்டும் விலையன்று. புதுமைப்பித்தன் தம் மனைவி கமலாவுக்கு எழுதிய கடிதங்கள் ‘கண்மணி கமலாவுக்கு’ என்ற நூலாகப் பிற்காலத்தில் வெளிவந்தன. அவற்றைப் படிப்பவர்கள் அங்கே மரணத்தைப் பற்றிய தத்துவத்தைத் தேட வேண்டாம். பணம் அனுப்புவது, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்வது, விரைவில் வருவதாக ஆறுதல் கூறுவது ஆகியவையே மிகுதி. வேலைக்காக அயலூர் சென்ற எந்தக் கணவரும் எழுதக்கூடிய கடிதங்கள். கதையில் காலத்தையே இல்லையென்று சொன்னவர், கடிதத்தில் நாளை எண்ணிக்கொண்டிருந்தார். தயிர்க்காரியின் புள்ளிகள் அவருக்கும் தேவைப்பட்டன.

முற்றிய நோயோடு அவர் பூனாவிலிருந்து புறப்பட்டு, 1948 மே மாதத்தில், மனைவி இருந்த திருவனந்தபுரத்தை அடைந்தார். தக்காணத்து மேட்டு நிலத்திலிருந்து தென்கோடி வரை எத்தனை நீண்ட இரயில் பயணம் என்பது, ஆண்டுக்கொருமுறை ஊர் செல்லும் நமக்குத் தெரியும். வழியில் இறந்துவிடாமல் சென்று சேர்ந்தார். கமலாவும் இரண்டு வயதுப் பெண் குழந்தையும் உடனிருக்க, இரு மாதங்களுக்குள் உயிர் நீத்தார். ‘ராஜமுக்தி’ அவர் மறைவுக்குப் பிறகு அவ்வாண்டிலேயே திரைக்கு வந்து தோல்வி கண்டது. நண்பர் ரகுநாதன் 1951-இல் அவருடைய வரலாற்றை நூலாக எழுதினார். தமிழ்நாட்டு அரசு 2002-இல் அவர் நூல்களை நாட்டுடைமையாக்கியது. ஆகவே நாம் கூறிய கதைகள் அனைத்தையும் இன்று எந்த ஊரிலிருந்தும் எளிதில் பெற்றுப் படிக்கலாம். ‘கயிற்றரவு’ சில பக்கங்களே.

பிரபாத் ஸ்டூடியோ இருந்த இடத்தில் 1960-இல் மைய அரசின் திரைப்படக் கல்லூரி தொடங்கப்பட்டது. பழைய படப்பிடிப்புக் கூடம் இன்றும் அங்கே நிற்கிறது. மாணவர் பயன்படுத்தி வருகின்றனர். அதற்கு அணித்தான தெருவுக்குப் பிரபாத் சாலை என்றே பெயர். விடுமுறை நாளில் அவ்வழியே செல்லும் தமிழன்பர்கள், வசனம் எழுத வந்த ஒருவர் அந்த மரங்களின் கீழ் இருமிக்கொண்டு நடந்திருப்பார் என்பதை நினைத்துக்கொள்ளலாம். அவர் அங்கே தங்கியதற்குக் கல்வெட்டு எதையும் யான் கண்டதில்லை.